கபுகிச்சோவில் புரியாத பில்

டோக்கியோவின் கபுகிச்சோ மதுக்கூடங்களில் வெளிநாட்டுப் பயணிகள் பணத்தைப் பறிகொடுக்க ஜப்பானிய மொழி தெரியாததே காரணம் என்ற தங்கள் பயணக் கட்டுரையின் கருத்து பாதிதான் சரி. அங்கே ஏமாற்று வேலை பெரும்பாலும் பயணிக்குப் புரிகிற மொழியில்தான் தொடங்குகிறது. தெருவில் வழிமறித்து, ஆங்கிலத்தில் சிரிக்கச் சிரிக்கப் பேசி, மலிவு விலை சொல்லி மாடிக்கு அழைத்துப்போகும் ஆசாமியே முதல் ஆபத்து. கபுகிச்சோ அடங்கிய ஷின்ஜுகு வார்டில் இப்படி ஆள் பிடிப்பதைத் தடுக்கவென்றே 2013இல் சட்டம் வந்தது. ஒலிபெருக்கியில் எச்சரிக்கையும் செய்கிறார்கள். ஆள் பிடிப்பவர்கள் அதன் கீழேயே நின்று பிடிக்கிறார்கள்.

நேர்மையான கடையில் வரும் குழப்பம் வேறு. இசகாயா எனப்படும் ஜப்பானிய மதுக்கடையில் உட்கார்ந்ததும் சிறு கிண்ணத்தில் ஊறுகாய்க் கீரையோ வேகவைத்த கிழங்கோ கேட்காமலே வரும். அது இலவசம் அல்ல. ஆளுக்குச் சில நூறு யென் பில்லில் ஏறும். ஊர் வழக்கம் அது, சண்டை போடுவதில் பயனில்லை. பெண்கள் உடன் அமர்ந்து பேசும் பார்களிலோ நேரத்துக்குக் கட்டணம், அவர்கள் குடிப்பதற்குத் தனிக் கணக்கு, அதன்மேல் சேவைக் கட்டணம், வரி. சுவரில் தூரிகையால் எழுதி ஒட்டிய விலைச்சீட்டில் கைப்பேசி மொழிபெயர்ப்பும் திணறும். உட்காருமுன் மொத்தத் தொகையைக் கால்குலேட்டரில் தட்டிக் காட்டச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும். காட்ட மறுக்கும் கடையில் உட்காராமலிருப்பதே நல்லது.

இனி இத்தகைய கட்டுரைகளுடன் ஜப்பானிய எண் வடிவங்கள், கட்டண வகைகள், போலீஸ் எண் 110 ஆகியவற்றை ஒரு பெட்டிச் செய்தியாகத் தாங்கள் வெளியிடலாம்.

– ஒரு வாசகர்