காய்ச்சல்காரர்கள் போன டூர்



ஒவ்வொரு வருஷமும் டூர் என்றதும் நம் வகுப்பில் இரண்டு பட்டியல் தயாராகும். ஒன்று, பணம் கட்டியவர்கள். இன்னொன்று யாரும் எழுதி வைக்காத பட்டியல்... "அக்கா கல்யாணம்", "உடம்பு சரியில்லை" என்று ஏதாவது சாக்குச் சொல்லி வீட்டில் தங்கிவிடுபவர்கள். போன தடவை ஊட்டி டூரின்போது எனக்குக் காய்ச்சல். உண்மையில் காய்ச்சல் அப்பாவின் சட்டைப் பைக்குத்தான்!

அதே வாரம் காய்ச்சல்காரர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு டூர் கிளம்பினோம். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரத்துக்கு, கால்நடையாக. ரோடு வழி சுமார் 15 கிலோமீட்டர்தான். ஏரிக்கரை, வரப்பு என்று சுற்றி இரண்டு நாள் நடந்தோம். "நடக்கறதுக்குப் பேரு டூரா? அப்ப நான் தெனமும் டூருதான் போறேன்" என்று அப்பா சிரித்தார்.

முதலில் வேதகிரீஸ்வரர் மலை ஏறினோம். அங்கே பல்லவர் காலத்தில் பாறையைக் குடைந்து செய்த ஒருகல் மண்டபம் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் வந்த டச்சுக்காரர்கள் அதில் தங்கள் பெயரைக் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். போன இடத்தில் பேர் எழுதும் வியாதி நமக்கு மட்டும் இல்லை!

மதியம் ஓர் ஏரிக்கரை. மதகு, கலங்கல் எல்லாம் நாம் படம் வரைந்து மார்க் வாங்கியவைதான். ஆனால் "மதகு வாயில வண்டல் அடைச்சிருக்கு தம்பி. ஏரியில தண்ணி இருந்தும் கடைமடைக்கு வராது" என்று ஒரு பெரியவர் காட்டியபோதுதான் அந்தப் படம் எனக்குப் புரிந்தது.

ராத்திரி ஊர்க்காரர்களைக் கேட்டு ஒரு கோயில் மண்டபத்தில் தங்கினோம். மூன்று கல் கூட்டிக் கஞ்சி காய்ச்சினோம். "வெறுங் கஞ்சியாடா குடிக்கிறீங்க?" என்று பக்கத்து வீட்டு ஆயா துவையல் அரைத்துக் கொண்டுவந்தார்.

மறுநாள் மாமல்லபுரத்துக்கு முன்னால் பூஞ்சேரி. அங்கே பாறையில் பல்லவர் காலப் பெயர்கள் வெட்டியிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன்... இவர்கள் ராஜாக்கள் அல்ல, வேலை செய்த தச்சர்களும் கொல்லர்களும். 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மாமல்லபுரச் சின்னங்களைப் பார்க்க எத்தனையோ பஸ்கள் போயின. ஒன்றுகூட இந்தப் பாறைக்கு நிற்கக் காணோம்.

என் அப்பா கொத்தனார். அவர் கட்டிய எந்தக் கட்டடத்திலும் அவர் பேர் கிடையாது. அந்தப் பாறை முன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன்.

ஊட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகிறவர்கள் சந்தோஷமாகப் போகட்டும். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை, மொத்த வகுப்பும் சேர்ந்து இப்படி ஒரு நடை போக நம் யூனியன் ஏற்பாடு செய்யலாமே? அரிசி, பருப்பு, பஸ் டிக்கெட்... இவ்வளவுதான் செலவு. வெளியில் தங்க வீட்டில் விடமாட்டார்கள் என்று தோழிகள் சொல்வது நியாயம். விடியற்காலையில் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம்.

"நடந்து என்னடா கத்துக்கப் போறீங்க?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1802-இல் லாம்ப்டன் இந்தியாவை அளக்கும் பெரிய சர்வேயை ஆரம்பித்தது நமக்குப் பக்கத்தில் உள்ள பரங்கிமலையில்தான். சங்கிலி பிடித்து, நடந்துதான் அளந்தார்கள்!

அடுத்த வருஷமாவது, யாருக்கும் காய்ச்சல் வராத ஒரு டூர் போவோமா நண்பர்களே?

— மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்