டிக்கெட் கேட்காத ரயில்

உங்கள் வீட்டுப் பதினாலு வயதுப் பெண் ஒரு நாள் வந்து, "அம்மா! நான் சிநேகிதிகளோடு 2,000 கிலோ மீட்டர் ரயிலில் போகிறேன். டிக்கெட் வேண்டாம். போகிற இடத்தில் சாப்பாடும் படுக்கையும் இலவசம். வாத்தியார் யாரும் கூட வரவில்லை. எப்போது திரும்புவேன் என்று தெரியாது" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "முதலில் அப்பா வரட்டும்" என்பீர்கள். வேறென்ன?

1966-ஆம் வருஷம் சீன தேசத்துத் தாய்மார்களால் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஏனென்றால், பிள்ளைகளைக் கூப்பிட்டவர் சாமானிய மனிதர் அல்ல. மா சே துங்!

அந்த வருஷம் ஜூன் மாதமே அங்கே பாடங்கள் நின்றுவிட்டன. 'கலாசாரப் புரட்சி' ஆரம்பமாகியிருந்தது. ஆகஸ்ட் 18-ஆம் தேதி பெய்ஜிங்கில் - அந்நாளில் பீகிங் என்று எழுதுவோமே, அதே ஊர்தான் - தியானன்மென் சதுக்கத்தில் மாவோ மாணவர்களுக்குத் தரிசனம் கொடுத்தார். செப்டம்பர் 5-ஆம் தேதி சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது: வெளியூர் மாணவர்கள் தலைநகருக்கு வந்து புரட்சியைப் பார்த்துப் போகலாம், ரயில் கட்டணம் கிடையாது. அவ்வளவுதான், மதகு திறந்த மாதிரி ஆயிற்று! நவம்பர் 26-ஆம் தேதிக்குள் எட்டுத் தடவை தரிசனம் நடந்தது. பார்த்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல்.

பிரயாணம் எப்படி இருந்தது என்கிறீர்களா? தென்மேற்கே இருக்கும் செங்டு நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கிளம்பும் வண்டி மலைகளில் சுரங்கம் சுரங்கமாக நுழைந்து வடக்கே ஏறி, பிறகு கிழக்கே திரும்பி, மஞ்சள் நதியைத் தாண்டி, மறுபடி வடக்கே ஓடிப் பெய்ஜிங் சேர வேண்டும். இரண்டு இராத்திரியாவது ரயிலில்தான். ஜன்னல் வழியாக ஏறுகிறவர்கள் பாதிப் பேர். ஆசனங்களின் மேல் ஒரு கூட்டம், ஆசனங்களுக்கு அடியில் ஒரு கூட்டம், சாமான் வைக்கும் பலகையில் சுருண்டு படுத்தவர்கள் ஒரு கூட்டம். கழிவறைக்குள்ளும் ஆட்கள் நின்றார்கள். பெண் பிள்ளைகளின் அவஸ்தையை நான் விவரிக்க வேண்டியதில்லை. சீன ரயில்களில் பிரயாணிகளுக்கு வெந்நீர் கொடுப்பது வழக்கம். கால் வைக்கவே இடமில்லாத வண்டியில் யார் கொண்டுவந்து ஊற்றுவது? கிடைத்தாலும் குடிக்கப் பயம்!

யுங் சாங் என்ற எழுத்தாளரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்போது அவருக்குப் பதினாலு வயது. செங்டுவிலிருந்து தோழிகளுடன் பெய்ஜிங் போனார். 1991-இல் வெளிவந்த தம் குடும்பச் சரித்திரத்தில் அந்த அனுபவத்தை எழுதியிருக்கிறார். அத்தனை பாடுபட்டுப் போனவருக்குக் காணக் கிடைத்தது மாவோவின் முதுகுதான்!

இதில் சந்தோஷமே இல்லையா? இருந்தது. சொந்த ஊர் எல்லையைத் தாண்டாத பிள்ளைகள் தங்கள் தேசத்தின் நதிகளையும் மலைகளையும் முதல் தடவையாகப் பார்த்தார்கள். பெய்ஜிங்கில் பள்ளிக்கூடங்களும் ஆபீஸ்களும் அவர்களுக்கு இடம் கொடுத்தன. வகுப்பறைத் தரையில் வரிசையாகப் படுத்துத் தூங்கினார்கள்.

ஆனால், எதற்காக அந்தப் பிரயாணம் என்பதையும் சொல்லத்தானே வேண்டும்? புரட்சி செய்வது எப்படி என்று ஊருக்கு ஊர் கற்றுக்கொள்வதற்காக! அந்தப் புரட்சியின் இலட்சணம் இது: 1966 ஆகஸ்ட் 5-ஆம் தேதி பெய்ஜிங்கில் ஒரு பெண்கள் பள்ளியின் துணைத் தலைமையாசிரியை தம் மாணவிகளாலேயே அடித்துக் கொல்லப்பட்டார். போக வேண்டாம் என்று பெற்றோர் தடுக்கலாமா? தடுத்தால் 'புரட்சிக்கு விரோதி' என்று பெயர் வரும். அந்தப் பெயர் வந்தால் வேலை போகும், மானம் போகும், சமயத்தில் உயிரும் போகும்.

ரயில்களிலும் தங்குமிடங்களிலும் மூச்சோடு மூச்சு உரசக் கிடந்த பிள்ளைகளுடன் இன்னொன்றும் பிரயாணம் செய்தது. மெனிஞ்சைடிஸ் என்கிற மூளையுறைக் காய்ச்சல்! இருமலிலும் மூச்சிலும் தொற்றும் வியாதி அது. நெரிசலும் குளிர்காலமும் அதற்குக் கொண்டாட்டம். பிள்ளைகள் அதை ஊர் ஊராக எடுத்துக்கொண்டு போனார்கள். 1967 முடிவதற்குள் 30 லட்சம் பேருக்கு நோய் கண்டது. 1,60,000 பேருக்கு மேல் மாண்டார்கள். டிக்கெட் இலவசம் என்றார்களே, அதன் விலை இதுதான். அதைக் கட்டியவர்களில் எத்தனையோ பேர் ரயிலில் ஏறாதவர்கள்.

சரக்கு ரயில்களுக்குப் பாதை கிடைக்காமல் தேசத்தின் போக்குவரத்தே திணறியது. டாலியன் கப்பல் கல்லூரி மாணவர்கள் 15 பேர் பெய்ஜிங் வரை ஆயிரம் கிலோ மீட்டர் நடந்தே வந்ததை அக்டோபரில் பத்திரிகைகள் புகழ்ந்தன. 'நீங்களும் நடந்தே போங்கள்' என்பது அதன் தாத்பரியம்! நவம்பரில் இலவச ரயிலையும் நிறுத்தினார்கள்.

கதை அத்துடன் முடியவில்லை. 1968 டிசம்பரில் மாவோவின் இன்னொரு கட்டளை வந்தது: படித்த பிள்ளைகள் கிராமங்களுக்குப் போய் விவசாயிகளிடம் பாடம் கற்க வேண்டும். அதே ஸ்டேஷன்கள், அதே பிள்ளைகள். இந்தத் தடவை தாய்மார்கள் பிளாட்பாரத்தில் நின்று அழுதார்கள். திரும்பி வரும் தேதி யாருக்கும் தெரியாது. பிற்காலத்தில் நாட்டின் தலைவரான ஷி ஜின்பிங்கும் 1969 ஜனவரியில், பதினைந்து வயதில், அப்படிப் போனவர்தான். அந்தக் காலத்தில் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஏறத்தாழ ஒரு கோடியே எழுபது லட்சம் பேர். பலர் வீடு திரும்பப் பத்து வருஷம் ஆயிற்று. நின்றுபோன கல்லூரி நுழைவுப் பரீட்சை 1977 டிசம்பரில்தான் மறுபடி நடந்தது. சுமார் 57 லட்சம் பேர் எழுதினார்கள். இடம் கிடைத்தது 2,70,000 பேருக்கு. பத்து வயது கூடி, மண்வெட்டி பிடித்துக் காய்த்த கையோடு வந்து எழுதியவர்களும் அவர்களில் உண்டு.

இன்று செங்டுவிலிருந்து பெய்ஜிங்குக்கு அதிவேக ரயிலில் சுமார் எட்டு மணி நேரம்தான். காலையில் ஏறினால் இராச் சாப்பாட்டுக்கு இறங்கிவிடலாம். டிக்கெட்டுக்குப் பணமும் கொடுக்க வேண்டும், பெயரும் கொடுக்க வேண்டும். 1966-இல் ஜன்னல் வழியே ஏறிய பெண்களுக்கு எழுபது வயது கடந்துவிட்டது.

நம் குழந்தைகளும் பள்ளியோடும் கல்லூரியோடும் உல்லாசப் பிரயாணம் போகிறார்கள். போகட்டும், ஊர் பார்க்கட்டும், நல்லதுதான். ஆனால் யாரோடு போகிறார்கள், எங்கே படுப்பார்கள், என்றைக்குத் திரும்புவார்கள் என்று மூன்று கேள்வி கேட்காமல் அனுப்பாதீர்கள். "அம்மா தொணதொணக்கிறாள்" என்று முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்! அந்தக் கேள்விகளை வாய் திறந்து கேட்க முடிவதே ஒரு பாக்கியம் என்று சீனத்துப் பாட்டிமாருக்குத் தெரியும்.