சோறு எந்த வீட்டில்?

அமெரிக்கப் புறநகர்களில் ஒரு விருந்து முறை உண்டு. ஒரே மாலையில், முதல் வீட்டில் சூப்பும் கொறிப்பும், அடுத்த வீட்டில் முக்கிய உணவு, மூன்றாவது வீட்டில் இனிப்பு என்று அண்டைவீட்டார் கூட்டமாக வீடுவீடாகச் சென்று உண்பார்கள். 'புரோகிரசிவ் டின்னர்' என்று பெயர். முற்போக்கு விருந்து என்று மொழிபெயர்த்துவிட வேண்டாம். படிப்படியாக நகரும் விருந்து என்பதே பொருள். நான் அந்தப் பிழையைத்தான் செய்தேன் என்று பின்னால் தெரிந்தது.

எங்கள் அடுக்ககத்தில் பன்னிரண்டு வீடுகள். ஆண்டுக்கு ஒருமுறை மொட்டைமாடியில் ஷாமியானா போட்டு, சமையல் ஒப்பந்தக்காரரிடம் சொல்லி, நாற்காலிகளில் வரிசையாக அமர்ந்து உண்டு கலைவோம். பத்தாண்டுகள் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியும் ஒருவர் வீட்டுக் கூடத்தை மற்றவர் பார்த்ததில்லை. நவராத்திரியில் கொலு வைக்கும் மூன்று வீடுகளுக்குப் பெண்கள் போய் வருவார்கள். ஆனால் கொலுச் சுண்டல் பொட்டலமாகக் கைக்கு வருவது. வாங்கிக்கொள்கிறவர் அங்கேயே உண்ண வேண்டிய கட்டாயம் இல்லை. அழைப்பவருக்கும் அழைக்கப்படுபவருக்கும் அது வசதியான ஏற்பாடு.

மகளுடன் சில மாதங்கள் வெளிநாட்டில் தங்கித் திரும்பியிருந்த நான், இந்த வீடுவீடான விருந்தை நம் அடுக்ககத்திலும் நடத்தலாமே என்று சொன்னேன். எல்லோரும் உற்சாகமாக ஒப்புக்கொண்டார்கள். யார் வீட்டில் என்ன என்று பட்டியல் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. சைவம்தான் என்று முதலிலேயே முடிவாயிற்று; யாருக்கும் சங்கடம் வேண்டாம் என்பது காரணம். அந்த 'யாருக்கும்' என்பதில் யார் யார் அடக்கம் என்று அன்று நான் யோசிக்கவில்லை.

பட்டியலை மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டிய அன்று மாலை, மூன்றாம் மாடியில் வசிக்கும் ஆசிரியை வந்தார். பட்டியலைப் பார்த்ததாகச் சொன்னார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "சார், எங்க வீட்டுக்குக் கூல்டிரிங்க்ஸ், நறுக்கின பழம், ஐஸ்கிரீம்னு போட்டிருக்கீங்க. எல்லாமே கடையில வாங்குறது. நான் நல்லாவே சமைப்பேன் சார்" என்றார். குரலில் கோபம் இல்லை.

நீங்கள் வேலைக்குப் போகிறவர், சிரமம் வேண்டாமே என்றுதான், என்று ஏதோ சொன்னேன். வேலைக்குப் போகும் பெண்கள் அந்தப் பட்டியலில் இன்னும் நால்வர் இருந்தார்கள். அவர்களுக்குச் சாம்பாரும் புளியோதரையும் வடையும் கொடுத்திருந்தேன். ஆசிரியையின் சாதியை அவர் என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் என் கை அதைத் தெரிந்துவைத்திருந்தது.

சாதி அடுக்கில் உணவுக்கென்று ஒரு நுட்பமான இலக்கணம் உண்டு. நீரில் வெந்த சோற்றுக்கே விதிகள் மிகக் கடுமை. நெய்யில் பொரித்ததற்குச் சற்றுத் தளர்வு. பழத்தையும் சமைக்காத பொருளையும் ஏறக்குறைய யாரிடமிருந்தும் பெறலாம். வட இந்தியாவில் கச்சா, பக்கா என்று இதற்குப் பெயரே உண்டு. லூயி துய்மோன் 1966இல் வெளியிட்ட தம் நூலில் இதை விரிவாக ஆராய்கிறார். அந்த நூலைப் படித்து, அடிக்கோடிட்டு, நண்பர்களிடம் பேசியவன் நான். அதே இலக்கணப்படி, ஒரு பிழையும் இல்லாமல், ஒரு பட்டியலையும் எழுதியிருக்கிறேன்.

சேர்ந்து உண்பது நம் பக்கத்தில் ஒருபோதும் சின்ன விஷயமாக இருந்ததில்லை. 1917இல் கேரளத்துச் செறாயியில் சகோதரன் அய்யப்பன், ஈழவர்களையும் புலையர்களையும் ஒன்றாக உட்காரவைத்து மிசிரபோஜனம் நடத்தினார். அதற்காகச் சொந்தச் சமூகத்தின் வசையை ஏற்றார். 'புலையன் அய்யப்பன்' என்ற பட்டத்தையும் ஏற்றார். சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனியே உணவிட்டது 1924-25இல் தமிழக அரசியலையே இரண்டாக்கியது. அது தேசபக்தியும் தியாகமும் நிறைந்த ஒரு மனிதர் நடத்திய இடம் என்பதுதான் நாம் மறக்கக் கூடாத செய்தி. பந்தி பிரிப்பதற்குக் கெட்ட மனிதர்கள் தேவையில்லை.

'ஒருநாள் விருந்தால் சாதி போய்விடுமா?' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். போகாது. சமபந்தி போஜனம் சாதியுணர்வைக் கொல்லப் போதுமானதாக இருந்ததில்லை, கலப்பு மணமே உண்மையான மருந்து என்று அம்பேத்கர் 1936லேயே எழுதிவிட்டார். ஆனால் போதாது என்பதும் தேவையில்லை என்பதும் ஒன்றல்ல. நம்மில் பலர் முதலாவதைச் சொல்லி இரண்டாவதைச் சாதித்துக்கொள்கிறோம். மொட்டைமாடிப் பந்தியில் ஒப்பந்தக்காரரின் சோற்றை எல்லோருடனும் உண்பது எளிது. அது யாருடைய சோறும் அல்ல. ஒருவர் அடுக்களையில் வெந்ததை, அவர் வீட்டுத் தட்டில், அவர் பரிமாற உண்பது வேறு. அந்த மாலையில் விருந்தளிப்பவரே அடுத்த அரைமணியில் விருந்தினராகிறார். கொடுப்பவர், பெறுபவர் என்ற நிரந்தர இடங்கள் அங்கே கலைகின்றன. இந்த முறையில் எனக்கு மதிப்பு அதனால்தான்.

பட்டியலைக் கிழித்துவிட்டுச் சீட்டுக் குலுக்கினோம். சாப்பாடு ஆசிரியை வீட்டுக்கே விழுந்தது என்று எழுதினால் கதை அழகாக முடியும். விழவில்லை, அவருக்கு ரசமும் பொரியலும் வந்தன. சோறு எங்கள் வீட்டுக்கு வந்தது. ஆசிரியை வீட்டுக்குப் போகும் முறை வந்தபோது ஒரு குடும்பம் பின்தங்கியது. சர்க்கரைக்கு மாத்திரை போட வேண்டும் என்றார்கள். பாயச வீட்டில் மீண்டும் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஆசிரியை அதைக் கவனித்தார். நான் கவனித்ததையும் கவனித்தார். இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ரசம் மிளகுக் காரத்தோடு நன்றாக இருந்தது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தேன். உண்மையிலேயே சுவைக்காகத்தான் கேட்டேனா, மற்றவர்கள் பார்க்கட்டும் என்றா என்று இப்போதும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்த ஆண்டும் நடத்துவோம். சீட்டுக் குலுக்கித்தான். காவலாளிக்கும் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் எங்கள் அடுக்ககத்தில் வீடு இல்லை. ஆகவே அவர்கள் பெயர் குலுக்கலில் வராது. இதற்கு என்ன செய்வது என்று அந்தக் கூட்டத்தில் கேட்கப்போகிறேன். விடையை நானே எழுதிக்கொண்டு போகக் கூடாது என்று மட்டும் தீர்மானித்திருக்கிறேன்.