மான் மேயலாம், மாடு மேயலாகாதாம்!

செரங்கெட்டி! முடிவின்றி விரிந்த வெளி என்று பொருள்படும் மாசாய் மொழிச் சொல்லின் திரிபு அது என்பர். தான்சானியா நாட்டுத் தேசியப் பூங்காவின் வாயிலிலே அந்தச் சொல் இருக்கிறது. சொல்லுக்கு உரிய மக்கள்தான் இல்லை. பெயரை வைத்துக்கொண்டு பெயரிட்டவனைத் துரத்திய பெருமை, அங்கு ஆண்ட ஆங்கிலேயருக்கு உரியது.

1951ல் பூங்கா அமைந்தது. 'அஞ்சற்க, உங்கள் உரிமைக்கு ஊறு நேராது' என்றனர். ஏழே ஆண்டுகள்! 1958ல் மூப்பர் 12 பேரை அழைத்து, 'வெளியேறுகிறோம்' என்ற ஏட்டிலே ஒப்பமிடச் செய்தனர். ஒரு குடியின் நிலம் முழுதும் 12 பேரின் ஒப்பத்திலே அடக்கம்!

அடுத்த ஆண்டு, அண்டையிலிருந்த கோரங்கோரோ மேட்டு நிலத்தைக் காட்டினர். விலங்கின் நலனும் மனிதர் நலனும் மோதினால் மனிதர் நலனே முந்தும் என்று ஆளுநர் டர்ன்புல் வாக்களித்தார். 1961ல் விடுதலை வந்தது. வாக்கு மட்டும் வெள்ளையரோடு கப்பலேறிவிட்டது போலும்! 1974ல் அங்குள்ள எரிமலைப் பள்ளத்தில் குடியிருந்தோரை விரட்டினர். 1975ல், பயிரிடாதே என்றனர்.

என்ன குற்றம் புரிந்தனர் இம்மக்கள்? மாடு மேய்ப்பவர்கள், காட்டு விலங்கின் ஊனை உண்ணாத மரபினர். பழைய புல்லைக் கொளுத்திப் புதுத் தளிருக்கு வழி செய்தவர்கள். அந்தத் தளிரை அவர்தம் மாடும் மேய்ந்தது, மானும் மேய்ந்தது. 1920களில் அந்த வெளியிலே சிங்கங்களைச் சுட்டுக் குவித்தது மாசாயின் ஈட்டியல்ல, வெள்ளை வேட்டைக்காரர்களின் துப்பாக்கி! கொன்றவன் காவலனானான், கூடி வாழ்ந்தவன் குற்றவாளியானான்.

விலங்குகள் அழியட்டும் என்றா நாம் கூறுகிறோம்? இல்லை. மனிதன் கால்படாத தூய இயற்கை என்று பேசுகிறார்களே, அந்தத் 'தூய்மை'யைத்தான் ஐயுறுகிறோம். கருவறை, தீட்டு, எட்டி நில் — இந்தப் பேச்சை நாம் கேட்டதில்லையா? அங்கேயும் எல்லார் காலும் தீட்டு அல்ல. டாலர் கொண்டு வருபவனுக்கு ஜீப் உண்டு, விடுதி உண்டு, வானிலிருந்து பார்க்க பலூனும் உண்டு. மாடோட்டி வருபவனுக்கு மட்டுமே தடை.

பழங்கதை என்று ஒதுக்க முடியுமா? செரங்கெட்டியின் கிழக்கே இருப்பது லோலியொண்டோ. 2022 ஜூனில் அங்கு 1,500 சதுர கிலோமீட்டர் மேய்ச்சல் நிலத்துக்கு எல்லைக்கல் நாட்டக் காவற்படை வந்தது. மக்கள் மறித்தனர். துப்பாக்கி வெடித்தது, காவலர் ஒருவரும் மாண்டார். காயம்பட்டோர் மருத்துவம் நாடிக் கென்ய எல்லையைக் கடந்தனர். கோரங்கோரோ மக்களுக்கோ, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ம்சொமெரா எனும் ஊரிலே வீடு கட்டி வைத்து, 'விரும்பியே செல்கின்றனர்' என்கிறது அரசு. விரும்பியா? பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் தரும் பணத்தைக் குறைத்துவிட்டு, நோயுற்ற பிள்ளையை ஏந்தி நிற்கும் தாயிடம் கேட்டுப் பெற்ற விருப்பமா அது?