கையை வைத்துப் பார்க்காதீர்கள்

மழைக்காலம் வந்தால் படப்பை பக்கம் பொக்லைன், டிப்பர் எல்லாம் வெட்டவெளியில் நனைந்தபடி நிற்கும். எஞ்சின் ஆயிலை மறக்காதவர்கள்கூட ஹைட்ராலிக் ஆயிலை, குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். மேலே புது ஆயில் ஊற்றினால் தீராது, ஃபில்டரோடு மாற்றத்தான் வேண்டும். இல்லையென்றால் பம்ப் போகும்.

பம்ப் போனால் பணம்தான். கை போனால்? ஓஸ் எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்க்கிறார்களே, அதுதான் பயமாக இருக்கிறது. கார் டயரில் இருப்பது சுமார் 2 பார் அழுத்தம். வெளிநாட்டு வீடுகளில் விறகு பிளக்கும் சின்ன மெஷினிலேயே 100 பாருக்கு மேல் போகும். பொக்லைனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஊசித்துளை வழியாகப் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் குண்டூசி குத்தியதுபோலத்தான் இருக்கும். மஞ்சளை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனால் சில மணி நேரத்தில் வீங்கி, விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவரை ஆட்டி அழுத்தத்தை விட்டபிறகு கை வையுங்கள். ஓடும்போதே பார்த்தாக வேண்டுமா? தள்ளி நின்று ஓர் அட்டைத் துண்டை நீட்டுங்கள். அப்படியும் குத்திவிட்டால் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், ஆயில் உள்ளே போய்விட்டது என்று முதலில் சொல்லுங்கள்.