4.1 கோடி இலக்கப் பகா எண்: இதனால என்ன பிரயோஜனம்?

13,62,79,841 இரண்டுகளைப் பெருக்கி, 1-ஐக் கழித்தால் வருவது ஒரு பகா எண். மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். 2024 அக்டோபரில் லூக் டியூரன்ட் கண்டுபிடித்த இது, அதுவரை தெரிந்த எல்லாப் பகா எண்களையும் மிஞ்சியது.

‘இதை வெச்சு என்ன பண்றது?’ நியாயமான கேள்விதான். இணையப் பாதுகாப்புக்கு இது உதவாது. ஆர்எஸ்ஏ குறியாக்கத்துக்குச் சில நூறு இலக்கப் பகா எண்களே போதும். அவையும் ரகசியமாக இருக்கணும். இதுவோ ஊரறிந்த எண்.

ஆனால், தேடலுக்குப் பலன் உண்டு. 11, 13 போன்ற இரட்டைப் பகா எண்களை வைத்துப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி கணக்குப் போட்டபோதுதான், 1994-ல் இன்டெல் பென்டியம் சிப்பின் வகுத்தல் பிழை சிக்கியது. நிறுவனத்துக்கு 47.5 கோடி டாலர் செலவு.

பிரயோஜனம் பார்த்தே அவர் உட்கார்ந்திருந்தால், அந்தப் பிழை இன்னும் எத்தனை பேர் கணக்கைக் கெடுத்திருக்குமோ!