இத்தாலிய நாற்காலிக்குப் பெயர் இருக்கிறது. நம் ரப்பர் மர நாற்காலிக்கு?

2026 ஏப்ரல் 21 முதல் 26 வரை இத்தாலியின் மிலான் நகரில் ‘சலோனே தெல் மோபிலே’ நடக்கிறது. வீட்டுத் தளவாடப் பொருள்களுக்கான கண்காட்சிகளில் உலகம் அதிகம் கவனிப்பது இதைத்தான். 2025-இல் 37 நாடுகளைச் சேர்ந்த 2,103 நிறுவனங்கள் அங்கே கடை விரித்தன. வந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல்.

நாற்காலியும் விளக்கும் பார்க்கவா இத்தனை கூட்டம் என்று தோன்றலாம். வருகிறவர்களில் பெரும்பாலோர் வேடிக்கை பார்க்க வருவதில்லை. கடை வைத்திருப்பவர்கள், கட்டடக் கலைஞர்கள், ஹோட்டல்களுக்கு மொத்தமாக வாங்குபவர்கள்தாம் அதிகம். 1961-இல் 328 நிறுவனங்களோடு இது தொடங்கியபோதே நோக்கம் வெளிப்படையானது: இத்தாலியப் பொருளை வெளிநாட்டில் விற்க வேண்டும்.

விற்பதற்கு அவர்களிடம் என்ன இருந்தது? தச்சு வேலைக்குப் பெயர்போன காடு அல்ல. மிலானுக்கு வடக்கே பிரியான்சா என்றொரு வட்டாரம் இருந்தது. மேதா, கந்தூ, லிசோனே என அடுத்தடுத்த சிற்றூர்கள். ஒரு பட்டறையில் மரத்தைக் கடைவார்கள், அடுத்ததில் மெருகேற்றுவார்கள், இன்னொன்றில் மெத்தை தைப்பார்கள். பலவும் குடும்பத் தொழில்கள். வடிவமைப்பாளர் தாளில் வரைந்து கொண்டு போனால், “இது நிற்காது, இப்படிச் செய்தால் நிற்கும்” என்று சொல்லத் தெரிந்த கைகள் அங்கே இருந்தன.

ஒரு நாற்காலியைப் பார்ப்போம். பெயர் ‘சூப்பர்லெஜ்ஜேரா’. வரைந்தவர் ஜியோ பொந்தி என்ற கட்டடக் கலைஞர். செய்தது மேதாவில் உள்ள கசீனா நிறுவனம். 1957-இல் சந்தைக்கு வந்தது. எடை 1.7 கிலோதான், ஒரு விரலில் தூக்கிவிடலாம். கால்கள் வட்டமாக இல்லை, முக்கோண வடிவில் செதுக்கியவை. இருக்கை பிரம்பில் பின்னியது. இதுவும் வானத்திலிருந்து குதித்ததல்ல. கியாவரி என்ற கடலோர ஊரில் 1807-இல் ஒரு தச்சர் செய்த நாற்காலிதான் இதற்கு முன்மாதிரி. அதைப் பொந்தியும் கசீனாவின் தச்சர்களும் பல ஆண்டுகள் இழைத்து இழைத்து மெலிதாக்கினார்கள். இன்றும் அதே நிறுவனம் அதைச் செய்து விற்கிறது. வாங்குகிறவர் கொடுக்கும் விலையில் மரத்தின் பங்கு எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

ஆனால் அந்தக் கைகள் இப்போது குறைகின்றன. பட்டறைக்காரர்களின் பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போகிறார்கள். நமக்குப் பழக்கமான கதைதான். 2023 இறுதியில் இத்தாலிய அரசு தனிச் சட்டமே கொண்டுவந்து, ‘இத்தாலியில் செய்தது’ என்ற பெயரைக் காக்க ஒரு புதிய வகை உயர்நிலைப் பள்ளியையும் அறிவித்தது. முதல் ஆண்டில் நாடு முழுவதும் சில நூறு மாணவர்களே சேர்ந்தார்கள். அதிலும் பாடத்திட்டம் பொருளாதாரம், சட்டம் பக்கம் சாய்ந்திருக்கிறது. உளி பிடிக்க யார் கற்றுத் தருவது என்பது அப்படியே நிற்கிறது.

இப்போது நம் பக்கம் வருவோம். அமெரிக்கா 2025 அக்டோபர் 14 முதல் மெத்தை வைத்த மர நாற்காலி, சோபாக்களுக்கும் சமையலறை அலமாரிகளுக்கும் 25 விழுக்காடு வரி விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் போகாது என்று சலுகை கிடைத்தது. ஆக, மேதாவிலிருந்து போகும் சோபாவுக்கு 15, மூவாரிலிருந்து போகும் சோபாவுக்கு 25.

ஜொகூரின் மூவார் நம் நாட்டுத் தளவாட ஏற்றுமதியில் பெரும் பங்கு வகிக்கும் ஊர். அங்கே அதிகம் பயன்படுவது ரப்பர் மரம். 25, 30 ஆண்டு பால் வெட்டி முடிந்த மரத்தை மறுநடவின்போது சாய்ப்பார்கள். முன்பெல்லாம் அது விறகுதான். தோட்டத்தில் பால் வெட்டிய என் பாட்டி அதை அடுப்பில் வைத்ததைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பூச்சி அரிக்காமல் மருந்தேற்றி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகுதான் அது நாற்காலி ஆனது. அதிகம் வாங்குவது அமெரிக்கா.

வரியில் 10 விழுக்காடு வித்தியாசம் சிறிதல்ல. ஆனாலும் அதைவிடப் பெரிய சிக்கல் வேறு என்று நினைக்கிறேன். வரியைக் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர். கட்டிவிட்டுத் தொழிற்சாலையிடம் திரும்பி, “விலையைக் குறை” என்பார். குறைக்காவிட்டால் வேறு நாட்டில் அதே வடிவத்தில் செய்து தர ஆள் உண்டு. சூப்பர்லெஜ்ஜேரா வேண்டும் என்பவரோ கசீனாவிடம்தான் போக வேண்டும். நம் தொழிற்சாலைகளில் பலவும் வாங்குபவர் கொடுத்த வடிவத்தைச் செய்து, வாங்குபவரின் பெயரையே ஒட்டி அனுப்புகின்றன. விலை குறையும்போது முதலில் போவது தொழிலாளியின் மிகைநேர வேலை.

நமக்கும் கண்காட்சி இல்லாமல் இல்லை. 1995-இல் தொடங்கிய மலேசிய அனைத்துலகத் தளவாடக் கண்காட்சி ஆண்டுதோறும் மார்ச் மாதம் கோலாலம்பூரில் நடக்கிறது. மிலானில் 35 வயதுக்கு உட்பட்ட வடிவமைப்பாளர்களுக்கென்றே 1998 முதல் தனி அரங்கு ஒதுக்கி, அவர்களை உற்பத்தியாளர்களோடு சேர்த்துவைக்கிறார்கள். நம் கண்காட்சியிலும் இளம் வடிவமைப்பாளர்களுக்குப் போட்டி உண்டு. பரிசு வாங்கிய நாற்காலிகளில் எத்தனை மூவார் தொழிற்சாலையில் உற்பத்திக்குப் போயின என்பதைத்தான் கேட்க வேண்டும்.

சோபா, அலமாரி வரியை 2026 ஜனவரியில் இன்னும் உயர்த்துவதாக இருந்த அமெரிக்கா, அதை 2027 ஜனவரிக்குத் தள்ளி வைத்திருக்கிறது. மூவார்க்காரர்களுக்குக் கிடைத்திருப்பது இந்த ஓராண்டுதான்.